மீனும் சுக்கவும்

பத்தலபல்லி செக்போஸ்டுக்கு மேலே
பதினோராம் வளைவில் பிரியும் மண்பாதை
எங்கள் தொலைநோக்கியின் வாசலில் முடிகிறது.
கழிவறை தமிழ்நாடு. ஜெனரேட்டர் ஆந்திரா.

இரவு ஒன்பதரை.
வாரிஜா கேட்டிருந்த நட்சத்திரத்துக்குத் திருப்பிவைத்து
நாற்பது நிமிடம் கேமராவைத் திறந்துவிட்டேன்.
விழுந்தது
ஈரச்சுவரில் அப்பிய சுண்ணாம்பு.

நட்சத்திரத்தின் மேல் தப்பில்லை.
முந்நூறு வருஷம் கோடு பிசகாமல் வந்த ஒளி
கடைசிப் பத்து மைலில்தான் தள்ளாடுகிறது.
பேரணாம்பட்டில் பகல்சூடு இறங்காத தகரக் கூரைகள்,
சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலையின் பாய்லர்,
வெட்டுப்பட்ட குவாரிப் பாறை
ராத்திரி முழுக்க விடும் மூச்சு.
இதை மீன் என்று முதலில் சொன்ன ஆள்
சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.
ஓடும் தண்ணீருக்கு அடியில்
கூழாங்கல்கூடத் துள்ளும்.

ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் கங்குலப்பா
அதையே சுக்க என்பார்.
அவர் மொழியில் நட்சத்திரம் சுக்க,
சொட்டுகிற துளியும் சுக்க,
கோலம் இழுக்குமுன் வாசலில் வைக்கிற புள்ளியும் சுக்க.
என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால்
மீனைச் சுக்க ஆக்குகிறேன் என்று சொல்ல வைத்திருக்கிறேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.

உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி.
அதன் முதுகில் நூற்று முப்பத்தேழு ஊசிகள்.
காற்று ஒளியை எப்படிக் கசக்கியதோ
அதற்கு எதிர்ப்பதமாகக் கண்ணாடி கசங்க வேண்டும்,
நொடிக்கு ஆயிரம் தடவை,
மயிரிழையை நூறாக வகிர்ந்த அளவுக்கு.
அறுபத்தொன்றாம் ஊசி செத்து இரண்டு வருஷம்.
டெண்டர் போயிருக்கிறது.
அதுவரை அறுபதும் அறுபத்திரண்டும்
அதன் பங்கையும் சேர்த்துத் தள்ளுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
மங்கலானதைப் பார்க்க
பக்கத்தில் பளிச்சென்று ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
அது நடுங்குவதை அளந்துதான்
இதன் நடுக்கத்தைக் கழிக்கிறோம்.
இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் கருவி.
படத்தில் அதற்கு இடமில்லை.
ஓரத்தோடு வெட்டிவிடுவோம்.

பத்தே முக்காலுக்கு லூப் பிடித்தது.
மறுபடி நாற்பது நிமிடம்.
அப்பியிருந்த சுண்ணாம்பு
கைகால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது.
ஒன்றில்லை, இரண்டு.
நடுவே நூல் நுழையும் அளவுக்கு இருட்டு.
பெங்களூரில் போனைப் பிடித்துக்கொண்டு
வாரிஜா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு,
"நடுவில் இருக்கிற கறுப்பு நிஜம்தானே?" என்றாள்.

நிஜமா என்று இன்னொரு படம் எடுத்துப் பார்க்கும்போது,
ஒன்று பத்துக்கு, எண்கள் எகிறின.
வளையக்கூடிய மட்டும் வளைந்த கண்ணாடி கைவிட்டது.
லூப் அறுந்தது.
வெளியே வந்தால்
கீழே தக்காளித் தோட்டமெங்கும் டார்ச் வெளிச்சம்,
வெடி, தகரச் சத்தம், வரப்பில் எரியும் டயர்.
"மூணு உருப்படி சார்,
கௌண்டின்யா காட்டிலேர்ந்து.
என் மச்சினன் கொல்லை" என்றார் கங்குலப்பா.
புகை நிதானமாக ஏறி
எங்கள் நட்சத்திரத்தின் குறுக்கே போனது.
உள்ளே போய்க் கேமராவை மூடிவிட்டு
அவரோடு வந்து நின்றேன்.
யானைகள் அவசரப்படவில்லை.

காலையில் படம் பெங்களூர் போயிற்று.
கழித்த காற்று மட்டும் என்னிடம்,
முப்பது நாளில் அழிக்க வேண்டிய ஒரு ஃபைலாக.
இன்றைக்கு நாற்பத்தோராவது நாள்.
ஒன்று பத்திலிருந்து திறந்து பார்க்கிறேன்.
ஒவ்வோர் ஊசியும் எவ்வளவு குனிந்தது,
எவ்வளவு நிமிர்ந்தது என்று வரிவரியாக
டயர், வெடிமருந்து, மச்சினன் கொல்லை.
அறுபத்தொன்றுக்கு நேரே
பூஜ்யம்,
பூஜ்யம்,
பூஜ்யம்.